நாலாவது துவக்கு

இத்தாலியில், பலெர்மோ நகரத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஆட்களில், ‘போதும்’ என்ற சொல்லைச் சாப்பாட்டுப் பந்திக்கு வெளியே சொல்லி நான் கேட்ட ஒரே மனிதர் செல்வராசா அத்தான்தான். அத்தான் என்றால் என் அக்கா குகனேஸ்வரியின் கணவர். வயது ஐம்பத்தெட்டு. பொலிதேயாமாப் பக்கம் ஒரு வக்கீல் வீட்டில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறார். சமைப்பது, துடைப்பது, கடைக்குப் போவது என்று அந்த வீட்டில் அவர் கை படாத இடமில்லை. அவரிடம் மூன்று துவக்குகள், அதாவது துப்பாக்கிகள், இருக்கின்றன. மூன்றுக்கும் லைசென்ஸ் இருக்கிறது. நாலாவது வேண்டுமா என்று கேட்டால், “மூண்டு போதும்” என்பார்.

எனக்கு இது விளங்கவே விளங்காது. பல்லரோச் சந்தையில் ஒரு கடைத் தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கடைத் தக்காளியைப் பார்க்கிறவள் நான். என் கணவர் றஞ்சித் எனக்கும் மேல். இரண்டு அறை வீட்டில் மூன்று டிவி வைத்திருக்கிறார், ஒன்று இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. இப்படிப்பட்ட குடும்பத்துக்குள் ஒருவர் போதும் என்று சொன்னால் எரிச்சல் வருமா வராதா?

துவக்கு என்றதும் ஆட்கள் வேறு மாதிரி நினைப்பார்கள். அத்தான் ஒரு இயக்கத்திலும் இருந்தவரல்ல. ஊரில் சைக்கிள் திருத்தினவர். ஆனால் துவக்கின் வாயை நிறையப் பார்த்தவர். ஆமி, இந்தியன் ஆமி, எங்கள் இயக்கப் பெடியள் என்று வந்தவன் எல்லாம் அவரை நிற்பாட்டி நெஞ்சுக்கு நேரே நீட்டியிருக்கிறான். பலெர்மோவுக்கு வந்து பல வருடம் கழித்து, வக்கீல் ஐயாவின் பையைத் தூக்கிக்கொண்டு அவருடைய துவக்குச் சுடும் கிளப்புக்குப் போயிருக்கிறார். ஒருநாள் ஐயாவுக்குத் தோளில் நோவு. “நீ சுடு” என்று கையில் கொடுத்துவிட்டார்.

“முதல்முதலா மற்றப் பக்கத்திலை நிண்டு பாத்தன், பிள்ளை” என்று ஒருதரம் என்னிடம் சொன்னார். “அந்தப் பக்கத்திலை ஒண்டுமே இல்லை. ஒரு கடதாசி, நடுவிலை ஒரு வட்டம். அவ்வளவுதான். மனுசன் நிக்கத் தேவையில்லை எண்டு அப்பத்தான் தெரிஞ்சுது.”

அதற்குப் பிறகு சித்தாதினான்சா என்கிற குடியுரிமை கிடைத்து, டொக்டரிடம் போய், சோதனை எழுதி, கேள்விக்குமேல் கேள்விக்குப் பதில் சொல்லி லைசென்ஸ் எடுத்தார். முதலாவது, கடதாசியில் சுடுகிற சின்னத் துவக்கு. இரண்டாவது, பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடுகிற இரட்டைக்குழல். சியாகுல்லியில் மண்டரின் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த ஒரு கிழவர் கண் மங்கி வேட்டையை விட்டபோது அவரிடம் வாங்கியது. மூன்றாவது பழைய ஒற்றைக்குழல். மரப்பிடி வெடித்திருக்கிறது, சுட முடியாது. வக்கீல் ஐயா எறியப் பார்த்ததை அத்தான் கேட்டு வாங்கிப் பதிவு செய்தார். அதை எண்ணெய் போட்டுத் துடைப்பது மட்டும்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அத்தான் அந்தப் பிடியைத் துணியால் தேய்த்துக்கொண்டு இருக்கும்போது பக்கத்தில் போய் நின்றால் அவருக்குத் தெரியாது. அப்படியொரு நிம்மதி அந்த முகத்தில் இருக்கும். பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அக்காவின் கதை வேறு. எங்கள் அண்ணன் விமலராஜ் பதினெட்டு வயதில் இயக்கத்தில் சேர்ந்து ஒரு துவக்கோடு வீட்டுக்கு வந்தான். எனக்கு அப்போது ஐந்து வயது, அவன் முகம்கூடப் படத்தில் பார்த்ததுதான். அக்காவுக்குப் பதினைந்து. அவள் படுக்கிற கட்டிலுக்குக் கீழேதான் அவன் அதை வைத்தான். அடுத்த கிழமை இரண்டாயிற்று, பிறகு ஆறு. பிறகு அந்த ஆறும் ஒரே நாளில் போயின, அண்ணனும் போனான். திரும்பி வரவில்லை.

அதனால் அத்தான் துவக்கு வாங்கப் போகிறேன் என்றபோது வீட்டில் பெரிய யுத்தம். கடைசியில் அக்கா ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். துவக்குகளை வைத்துப் பூட்டும் இரும்பு அலுமாரியின் திறப்பு, அதாவது சாவி, தன்னிடம் இருக்க வேண்டும். கடைக்காரன் இரண்டு திறப்புக் கொடுத்தான். ஒன்றைப் போரோ இத்தாலிக்கோ கடற்கரையில் கடலுக்குள் எறிந்தாள். மற்றதை ஊசி போட்டுத் தாலிச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை அத்தான் வந்து கேட்பார், அவள் கழற்றிக் கொடுப்பாள். துடைத்து முடித்ததும் கை கழுவ முன்னமே திருப்பிக் கொடுத்துவிடுவார். பதினொரு வருடம் இப்படித்தான் நடந்தது.

தாலியில் கோத்த சாமானை ஒருவரும் தொடமாட்டார்கள், அதைவிடக் காவலான இடம் உலகத்தில் இல்லை என்பது எங்கள் நினைப்பு. இத்தாலியச் சட்டத்துக்கு அது தெரியாதே.

போன பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை இரண்டு பொலிஸ் அதிகாரிகள் அலுமாரியைப் பார்க்க வந்தார்கள். துவக்கு வைத்திருக்கிறவர்களின் வீட்டுக்கு அப்படி வருவதுண்டு. நான் கத்தரிக்காய்ப் பையோடு அக்கா வீட்டில் நின்றேன். கடதாசிகள் எல்லாம் சரி. அலுமாரியைத் திறக்கச் சொன்னார்கள். அத்தான் குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற அக்காவைப் பார்த்தார். அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சட்டைக்குள் இருந்து தாலியை வெளியே எடுத்து, ஊசியைக் கழற்றி, திறப்பை நீட்டினாள். தன்னை மெச்சப் போகிறார்கள் என்றே நினைத்தாள்.

இளையவர் சிரித்துவிட்டார். மூத்தவர் சிரிக்கவில்லை.

“சிஞ்ஞோரா, இது யாருடைய திறப்பு?”

“என்னுடையது” என்றாள் அக்கா, நல்ல இத்தாலியனில், தலையை நிமிர்த்திக்கொண்டு.

மூத்தவர் நல்ல மனிதர். பொறுமையாக விளங்கப்படுத்தினார். லைசென்ஸ் கணவருக்கு, அவளுக்கு இல்லை. இல்லாத ஒருவர் கையில் திறப்பு இருந்தால் துவக்கே அவர் கையில் இருப்பதற்குச் சமம். ஒரு மாதம் கழித்துத் திரும்ப வருவோம், அப்போது திறப்பு சிஞ்ஞோர் செல்வராசாவிடம் மட்டும் இருக்க வேண்டும், இல்லையென்றால் மூன்றையும் எடுத்துக்கொண்டு போக வேண்டிவரும் என்றார்.

அவர்கள் படி இறங்கின சத்தம் அடங்க முன்னமே அக்கா திறப்பைத் திரும்ப ஊசியில் கோத்தாள்.

“இஞ்சாருங்கோ, திறப்பு என்னட்டை இல்லாட்டித் துவக்கும் இஞ்சை இல்லை.”

அத்தான் கடதாசிகளை அடுக்கி உறைக்குள் வைத்தார். “சரி. அப்ப நான் மூண்டையும் குடுத்துவிடுறன்” என்றார். கோபித்துச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மனிதர் ஒருநாள் குடித்ததில்லை, சீட்டு விளையாடினதில்லை, அவருக்கென்று இந்த உலகத்தில் இருப்பது அந்த ஞாயிறு காலை மட்டும்தான். அதையும் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

நான் அக்காவைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனேன். “பதினொரு வருசமா ஒண்டும் நடக்கேல்லைத்தானே?”

“திறப்பு என்னட்டை இருந்தபடியால் நடக்கேல்லை.”

நான் கத்தரிக்காயைக் கழுவத் தொடங்கினேன்.

“அவரிலை எனக்குப் பயமில்லை, சயந்தினி” என்றாள் பிறகு. “துவக்கிலைதான் பயம். அது தனிய நிக்காது, இன்னும் ரெண்டைக் கூட்டிக்கொண்டு வரும். அண்ணாவுக்கும் அப்பிடித்தானே வந்தது. இவருக்கும் ஒண்டாயிருந்து மூண்டாப் போச்சு. போதும் எண்டுறார். எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம். திறப்பைக் குடுத்திட்டு நான் எப்பிடி நித்திரை கொள்ளுறது?”

அடுத்த ஞாயிறு அத்தான் கிளப்பில் போய், யாராவது எடுப்பார்களா என்று விசாரித்துவிட்டு வந்தார். இரண்டுக்கு ஆள் கிடைத்தது. வெடித்த பிடிக்காரனை ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்கு அதை அவர் வழக்கத்தைவிடக் கூட நேரம் துடைத்தார்.

அதிகாரிகள் சொன்ன மாதம் முடிய ஒரு கிழமை இருக்கும்போது வக்கீல் ஐயாவின் மனைவி சிஞ்ஞோரா யூலியா எங்கள் எல்லோரையும் வரச் சொன்னார். வக்கீல் ஐயா காலமாகி ஒரு வருடம். சிஞ்ஞோரா அவருடைய சாமான்களைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். றஞ்சித்துக்கு ஒரு குளிர்க் கோட்டு, எனக்கும் அக்காவுக்கும் கண்ணாடிக் கோப்பைகள். பிறகு ஒரு நீளமான தோல் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துத் திறந்தார்.

துவக்கைப் பற்றி ஒன்றும் தெரியாத நானே கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். வால்நட் மரப்பிடி தேன் நிறத்தில் மினுங்கியது. வெள்ளித் தகட்டில் இரண்டு கௌதாரிகள் புல்லுக்குள் இருந்து எழும்புவதை யாரோ இறகு இறகாகக் கீறியிருந்தார்கள். ஐயா அதை யாருக்கும் தொடக் கொடுத்ததில்லை, அத்தானைத் தவிர. இருபத்திரண்டு வருடமும் அதைத் துடைத்தவர் அத்தான்.

“இது உனக்குத்தான். அவர் சொல்லிவிட்டுத்தான் போனார்” என்றார் சிஞ்ஞோரா.

“எடுங்கோ அண்ணை” என்று றஞ்சித் முழங்கையால் இடித்தார். “இப்பிடி ஒண்டு கிடைச்சா மற்ற மூண்டையும் தூக்கிப்போடலாம்.”

அக்காவுக்குப் பக்கத்தில் நின்ற நான் அவள் கை சட்டைக்கு மேலால் தாலியைப் பிடித்ததைப் பார்த்தேன். அவள் அத்தானின் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் துவக்கை எடுத்தார். திறந்து குழலுக்குள் பார்த்தார். தோளில் வைத்து, ஜன்னலுக்கு வெளியே வானத்துக்கு நேரே கொஞ்ச நேரம் பிடித்தார். நான் மனதுக்குள் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவருடைய கண் அப்படி இருந்தது. பிறகு இறக்கி, சட்டைப்பைக்குள் இருந்து லேஞ்சியை எடுத்து, தன் விரல் பட்ட இடம் எல்லாம் ஒவ்வொன்றாகத் துடைத்து, பெட்டிக்குள் வைத்து மூடினார்.

“சிஞ்ஞோரா, என்னிடம் மூன்று இருக்கிறது. எனக்கு அது போதும்.”

“அவருடைய ஆசையல்லவா?” என்று கேட்டார் சிஞ்ஞோரா.

“எனக்குத் தெரியும். கிளப்புக்குக் கொடுங்கள். அங்கே சொந்தமாகத் துவக்கு இல்லாதவர்கள் சுடுவார்கள். நான் போகும்போதெல்லாம் இதைத் துடைத்து வைப்பேன்.”

சிஞ்ஞோரா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். றஞ்சித் ‘விசரன், பைத்தியம்’ என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். உண்மையைச் சொன்னால் நானும் அதைத்தான் நினைத்தேன்.

பஸ்ஸில் என் வாய் சும்மா இருக்கவில்லை. “ஏன் அத்தான், ஆசையில்லையோ?”

“ஏன் இல்லை? நல்லா வந்தது.” அவர் சிரித்தார். “வந்திட்டுப் போயிட்டுது.”

“மூண்டும்தானே கையை விட்டுப் போகப்போகுது. இதையெண்டாலும் வைச்சிருந்திருக்கலாமே.”

“கடதாசிக்கு ஒண்டு, தட்டுக்கு ஒண்டு, சும்மா பாத்துக்கொண்டிருக்க ஒண்டு. இதைக் கொண்டுவந்தா நான் அந்த மூண்டையும் திரும்பிப் பாப்பனோ? இருக்கிறது பிடிச்சிருக்கு, பிள்ளை. அது போகுதெண்டதுக்காக வேறை ஒண்டு பிடிக்குமே?”

அக்கா முன் சீற்றில் இருந்தாள். ஆனால் காது எங்கள் பக்கம்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து நான் தேத்தண்ணி போட்டேன். அத்தான் உடுப்பு மாற்ற எழும்பினார். “கொஞ்சம் நில்லுங்கோ” என்றாள் அக்கா. சட்டைக்குள் கையைவிட்டுச் சங்கிலியை எடுத்தாள். அந்த ஊசி பதினொரு வருடத்தில் எத்தனையோ தரம் கழற்றிப் பூட்டிய ஊசி, ஆனாலும் அன்றைக்கு அவளுக்குக் கழற்ற வரவில்லை. நான் உதவிக்குப் போக, வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“விமலராஜ் அண்ணா ஒருநாளும் போதும் எண்டு சொல்லேல்லை” என்றாள் திறப்பை நீட்டிக்கொண்டு. “அம்மா காலிலை விழுந்து கேட்டவ. நானும் கேட்டன். அந்த ஒண்டோடை நிப்பாட்டு எண்டு கேட்டன். சிரிச்சுப்போட்டுப் போனவன். இண்டைக்கு உங்களை ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்களா வைச்சிட்டு வந்தனீங்கள்.”

அத்தான் உடனே வாங்கவில்லை. “உமக்கு நித்திரை வராதே, குகனேஸ்.”

“அது என்ரை பாடு. ஒருத்தருக்கும் குடுக்க வேண்டாம். மூண்டும் இஞ்சையே இருக்கட்டும்.”

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். கோயிலில் விபூதி வாங்குகிற மாதிரி வாங்கினார். சீனி போடாத தேத்தண்ணியை இருவர் முன்னாலும் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

விடிந்ததும் வேலைக்குப் போகிற வழியில், பஸ் தரிப்பில் நின்றுகொண்டு அக்காவுக்குப் போன் எடுத்தேன். எனக்கே பாதி நித்திரைதான்.

“எப்பிடி அக்கா? கண் மூடினியோ?”

“ஓம். படுத்ததுதான் தெரியும், இப்பத்தான் எழும்பினன்.” அவள் குரலில் ஒரு வெட்கம் இருந்தது.

“பிறகென்ன? அத்தான் எங்கை?”

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

“கதிரையிலை இருக்கிறார்” என்றாள். “திறப்பைக் கையுக்கை பொத்திக்கொண்டு விடிய விடிய இருந்திருக்கிறார், பாவம். ஒரு கண் நித்திரையில்லை.”