ஏழு பூட்டுப் போட்ட சிவப்புக் கார்: ஒரே நாளில் இரண்டு தடவை மதுரைக்கு

கல்லூரியை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. கரூரில் அப்பா முகத்தில் விழிக்கப் பிடிக்காமல், கிடைத்த லாரியில் ஏறி, கிடைத்த ஊரில் இறங்கிக்கொண்டிருந்தேன். அப்படித்தான் ஒரு வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போனேன். ஆடு வாங்க இல்லை. சந்தைக்கு நூறு லாரி வரும், ஏதாவது ஒன்று தூரமாகக் கூட்டிப்போகும் என்றுதான்.

ரோட்டோரம் நின்றிருந்தபோது திருச்சிப் பக்கமிருந்து ஒரு கார் வந்தது. சிவப்பு. கூரை கிடையாது, இரண்டே சீட்டு, தரையோடு தரையாகத் தாழ்ந்து, மூக்கு மட்டும் முழ நீளத்துக்கு முன்னால் போனது. சீமையில் முப்பதுகளில் பந்தயம் விட்ட கார் மாதிரி. பத்திரிகைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஓட்டியவர் தலையில் துண்டு கட்டியிருந்தார். நம்பர் பலகை இல்லை. ஆடுகள் நாலா பக்கமும் சிதறின. டீக்கடைக்காரர், "அது திண்டுக்கல் காருப்பா. அங்கனயே தட்டிச் செஞ்சது" என்றார். நான் நம்பவில்லை. கார் என்றால் பம்பாய், கல்கத்தா. திண்டுக்கல் என்றால் பூட்டும் சுருட்டும். நம்பாததால்தான் அடுத்த பஸ்ஸில் ஏறினேன். பதினாறு மைல், அறுபது பைசா.

பட்டறையைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. நாகல் நகர் தாண்டி சாணார்பட்டி ரோட்டில், முன்பு வெங்காயம் அடுக்கிவைத்த ஒரு கீற்றுக் கொட்டகை. கிட்டே போனால் தகரம் தட்டும் சத்தமே வழி காட்டும். உள்ளே இரண்டு பேர். துண்டு கட்டி ஓட்டியவர் தங்கவேல், பட்டறைக்காரர். இன்னொருவர் அவர் தங்கையைக் கட்டிய குருசாமி, பூட்டு செய்கிறவர். பார்க்க வந்தேன் என்றேன். பார்க்கிறவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்று தங்கவேல் ஒரு தகரத்தின் நுனியை என் கையில் கொடுத்தார். நான்கு நாள் அங்கேயே கிடந்தேன்.

கதை இதுதான். தங்கவேல் ஒரு பஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவர். கொடைக்கானல் எஸ்டேட் துரை ஒருவர், இதே மாதிரி நிஜச் சீமைக் காரை அங்கே ரிப்பேருக்கு விட்டிருந்தார். சாமான் கப்பலில் வரும்வரை கார் மூன்று மாதம் நின்றது. அந்த மூன்று மாதமும் சாப்பாட்டு வேளையில் தங்கவேல் காரின் மேல் பழுப்புத் தாளை விரித்து, ரவிக்கைக்கு அளவெடுப்பதுபோல வளைவுக்கு வளைவு வெட்டி எடுத்துவைத்தார். துரை காரோடு ஊருக்குப் போய்விட்டார். தாள்கள் இங்கே இருந்தன, கொட்டகைச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டு. மதுரையில் கழித்துப்போட்ட ஒரு சின்னக் காரின் அடிச்சட்டமும் எஞ்சினும் வாங்கினார். வேங்கை மரத்தில் கூடு. தாளைப் பார்த்து வெட்டி, தட்டி, வளைத்த தகரம். சீட்டுக்குப் பேகம்பூர் தோல். வேலையை விட்டுவிட்டு இதைச் செய்தார்.

கம்பெனி அவர் இடத்தை மாதக் கடைசிவரை காலியாக வைத்திருந்தது. கார் ரோட்டில் ஓட வேண்டுமானால் மதுரையில் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து நம்பர் கொடுக்க வேண்டும். ஒரு தடவை போய், கைப் பிரேக் நிற்கவில்லை என்று திரும்பி வந்துவிட்டார்கள். அந்த மாதத்தின் கடைசிப் பரிசோதனை வரும் செவ்வாய்க்கிழமை. அன்றைக்கும் நம்பர் கிடைக்காவிட்டால் கொட்டகையை மூடிவிட்டுப் பஸ் கம்பெனிக்கே போய்விடுவதாகத் தங்கவேல் வீட்டில் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற ஆள்.

இனி பூட்டு. நிஜக் காரில் பானெட்டைத் தோல் பெல்ட்டால்தான் கட்டியிருந்தார்களாம். குருசாமிக்கு அது கேவலமாகப் பட்டது. திண்டுக்கல்லில் செய்த காருக்குப் பூட்டு இல்லாமலா? கதவுக்கு இரண்டு, இரண்டு பக்கமும் தனித்தனியாகத் திறக்கும் பானெட்டுக்கு இடமும் வலமுமாக இரண்டு, பெட்ரோல் மூடிக்கு ஒன்று, பின்பெட்டிக்கு ஒன்று, முன்னால் சின்ன அறைக்கு ஒன்று. ஏழு பூட்டு, ஏழு சாவி. எல்லாவற்றுக்கும் ஒரே சாவி போட்டால் என்ன என்று கேட்டுவிட்டேன். குருசாமி அரத்தைக் கீழே வைத்தார்.

"ஒரு சாவிக்கு ரெண்டு தொறந்துச்சுன்னா அது பூட்டு இல்லப்பு, கொக்கி."

"கேட்டியா, எங்க மாப்ளைக்கு கார் ஒரு பொட்டி. அதுல எஞ்சின் இருக்கறதே அவருக்குத் தெரியாது" என்றார் தங்கவேல்.

குருசாமி வீட்டில் ஒரு வழக்கம். புதுப் பூட்டு முடிந்தால் அதன் சாவி ஒரு ராத்திரி சாமி படத்துக்கு முன்னால் இருக்கும். காலையில் சூடம் காட்டி அவரே எடுப்பார். வேறு யாரும் தொடக் கூடாது, பெண்டாட்டிகூட. ஏழாவது பூட்டை, பானெட்டின் இடப்பக்கப் பூட்டை, திங்கட்கிழமை சாயங்காலம்தான் மாட்டினார். அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். திறக்கத்தான் சாவி வேண்டும். இதை நினைவில் வையுங்கள்.

செவ்வாய் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். சீட்டு இரண்டு, ஆள் மூன்று. ஸ்டெப்னி டயர் இன்னும் வாங்கவில்லை. காரின் முதுகில் அதற்காக விட்ட பள்ளத்தில் நான் குந்திக்கொண்டேன். சொகுசு என்று சொல்ல மாட்டேன். ஆனால் சின்னாளபட்டி தாண்டி, இடது கையில் சிறுமலை கூடவே வர, வெயில் ஏறாத ரோட்டில் அந்தத் திறந்த காரில் போனதற்கு ஈடாக இன்றுவரை எதிலும் போனதில்லை. அம்பாத்துரையில் சாயம் போட்ட நூலைக் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். கொடைரோட்டில் ஒரு டீ. அங்கே ஒரு லாரி டிரைவர் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். முப்பத்தொன்பது மைல். ஒன்பது மணிக்கு முன்பே மதுரை.

எங்கள் முறை வர பதினொன்று ஆனது. இன்ஸ்பெக்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். பிரேக் சரி. கைப் பிரேக் சரி. விளக்கு, ஹாரன், எல்லாம் சரி. தங்கவேலின் கழுத்து நரம்பு தளர்வதை நான் பார்த்தேன். கடைசியாக எஞ்சின் நம்பரைப் பார்க்க வேண்டும் என்றார். அது எஞ்சினின் இடப்பக்கம் அடித்திருந்தது. குருசாமி சாவி வளையத்தை எடுத்தார். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஆறு சாவிதான் இருந்தது.

ஏழாவது சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. முந்தின ராத்திரி வைத்ததைக் காலை அவசரத்தில் எடுக்க மறந்திருந்தார். வலப்பக்கம் திறந்து கையை விட்டுப் பார்த்தோம். எஞ்சினுக்கு மறுபக்கம் கை போகவில்லை.

தங்கவேல் உளியை எடுத்தார். குருசாமி குறுக்கே நின்றார்.

"ஒடைக்காத மச்சான். பூட்டு ஒடையாது. தகரந்தான் கிழியும்."

"அம்புட்டு ஒசத்தியா செய்யச் சொல்லி உன்கிட்ட யாரு கேட்டா?"

கேட்டுவிட்டுத் தங்கவேலே உளியைக் கீழே போட்டார். கிழிந்த பானெட்டோடு எந்த இன்ஸ்பெக்டரும் நம்பர் கொடுக்க மாட்டார். நான்கு மணிவரை இங்கே இருப்பேன், அதற்குப் பிறகு அடுத்த மாதம் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். காரை எடுத்துக்கொண்டு போகலாமென்றால், வரிசையை விட்டால் முறை போய்விடும். நான் போய் எடுத்து வருகிறேன் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. யோசித்துச் செய்யும் ஆளாக இருந்தால் கல்லூரியிலேயே இருந்திருப்பேன்.

பதினொன்றரை பஸ். டிக்கெட் ஒன்றே கால் ரூபாய். காலையில் பறந்த அதே ரோடு இப்போது நகரவே இல்லை. ஊருக்கு ஊர் நின்று, கூடையும் கோழியும் ஏற்றி, ஒன்றேகால் மணிக்குத் திண்டுக்கல்லில் விட்டான். நிலையத்திலிருந்து குருசாமி வீட்டுக்கு ஓடினேன்.

குருசாமியின் மனைவி பேச்சியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். சாவியைக் காலையிலேயே பார்த்தாராம். தொடக் கூடாது என்பதால் விட்டுவிட்டாராம். இப்போதும் படத்துக்கு முன்னால் போய் நின்று ஒரு கணம் தயங்கினார். நானும் தொடலாமா என்று தெரியாமல் நின்றேன். பிறகு பூவைத் தள்ளிவிட்டுச் சாவியை எடுத்தார்.

"சாமிக்கு என்னத்துக்குச் சாவி? சாமிகிட்ட காரா இருக்கு?"

மஞ்சள் கயிற்றில் கோத்து என் மணிக்கட்டில் இரண்டு முடிச்சுப் போட்டார். போகும்போது ஒன்றுதான் சொன்னார்.

"எங்கண்ணன் மறுபடி அந்தக் கம்பெனி வாசல்ல போய் நிக்கக் கூடாது. ஓடு."

ஒன்றேமுக்கால் பஸ் கொடைரோடு தாண்டி ஒரு மைலில் பஞ்சர். மாற்று டயரும் பஞ்சர் என்று கண்டக்டர் நிதானமாகச் சொன்னார். மணி இரண்டேமுக்கால். வெயிலில் ரோட்டின் நடுவில் போய் நின்றேன். இரண்டு லாரி ஒதுங்கிப் போயின. மூன்றாவது, வெங்காய லோடு, என் மேல் ஏற்றாத குறையாக நின்றது. டிரைவர் தலையை நீட்டித் திட்ட ஆரம்பித்தான். திட்டை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தான்.

"ஏலே, காலைல செவப்புக் காரு முதுகுல ஸ்டெப்னியா வந்த பய நீதான?"

கையைத் தூக்கிச் சாவியைக் காட்டினேன்.

"ஏறு."

விஷயத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டினான். வாடிப்பட்டியில் வெங்காயம் இறக்க வேண்டியவன் நிற்கவில்லை. மூட்டை ஓடிப்போகாது, திரும்பி வந்து இறக்கிக்கொள்கிறேன் என்றான். அவன் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். இதைப் படித்தால், உனக்கு ஒரு டீ பாக்கி.

பரிசோதனை நடந்த மைதானத்தில் லாரி நின்றபோது நான்கடிக்கப் பத்து நிமிஷம். இன்ஸ்பெக்டர் பையை மூடிக்கொண்டிருந்தார். தங்கவேல் பானெட்டில் சாய்ந்து நின்றார். குருசாமி பத்தடி தள்ளி வேப்பமரத்தடியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு. கயிற்று முடிச்சு அவிழவில்லை. கையோடு சாவியைப் பூட்டில் நுழைத்துத் திருகினேன். திறந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து நம்பரை எழுதினார். பூட்டைத் தடவிப் பார்த்தார், என் மணிக்கட்டைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

தங்கவேல் காரின் படியில் உட்கார்ந்தார். பிறகு மரத்தடியைப் பார்த்து, "வா மாப்ளே, பசிக்குது" என்றார்.

திரும்பி வரும்போது வீட்டுக்கு நேராகப் போகவில்லை. பஸ் கம்பெனி வாசலில் காரை நிறுத்தி, ஹாரனை அழுத்தி, கையை எடுக்கவே இல்லை. போர்மேன் வெளியே வந்தார். தங்கவேல் இறங்காமலேயே சொன்னார்: "அந்த எடத்துக்கு வேற ஆளப் பாருங்கண்ணே."

போக நினைப்பவர்களுக்கு: திண்டுக்கல் பஸ் நிலையத்திலிருந்து பட்டறை ஒன்றரை மைல், நடந்தே போகலாம். வெயில் தாழப் போங்கள். மத்தியானம் தகரத்தைத் தொட முடியாது. படம் எடுத்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சும்மா நின்றால் கோபித்துக்கொள்வார்கள். இரண்டாவது கார் இப்போது மரக்கூட்டில் நிற்கிறது, பச்சை அடிக்கப் போகிறார்கள். இதில் பானெட்டுக்குத் தோல் பெல்ட்தான், குருசாமியே ஒத்துக்கொண்டார். ஆனால் பக்கிளில் நகத்தளவு ஒரு பூட்டு வைத்திருக்கிறார். அதற்கும் தனிச் சாவிதான்.

பானெட்டைத் திறந்து பார்க்க ஆசைப்பட்டால் குருசாமியைக் கேட்காதீர்கள். அவராலும் ஆகாது. சாவி எல்லாம் இப்போது பேச்சியம்மாளின் இடுப்பில் இருக்கிறது. வீட்டுக்குப் போய் அவரைக் கேளுங்கள். சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்பார். இல்லை என்றே சொல்லுங்கள்.