வெறுஞ்சாக்கு

நற்பணி மன்றத்தின் பின்னறையைத் திறந்ததும் சாக்கு நெடி முகத்தில் அடித்தது. போன மழையில் வெள்ளத்தில் தவித்தவர்களுக்கென்று எங்கள் வேடசந்தூர்த் தெரு கொடுத்த அரிசி மூட்டைகள் கட்டுப் பிரியாமல், வண்டு விழுந்து கிடந்தன.

"அம்புட்டும் அனுப்பியாச்சுண்ணே. குரூப்புல போட்டோ போட்டமே" என்று சொல்லியிருந்தான் மன்றத்தை நடத்துகிறவன்.

என் சிறுவயதில் இதே நெடி தெரு முழுக்க வீசும். உதவிக்கு அரிசி கொடுக்கும் வீடெல்லாம் சாக்கின் மூலையில் ஓர் அடையாளம் தைக்கும். எங்கள் அத்தை சிவப்பு நூல் போடுவாள். அரிசி லாரியோடு போனவர்கள் திரும்பியதும் வெறுஞ்சாக்குகளை நடுத்தெருவில் உதறிக் காட்டவேண்டும். அவரவர் சாக்கு அவரவர் கைக்கு வந்தால்தான் கூட்டம் கலையும்.

ஒருமுறை அத்தையின் சாக்கு வரவில்லை. போய்வந்தவர் அவளுடைய தம்பி, என் அப்பா.

"ஏலே, சாக்கு எங்க?" என்று வாசலிலேயே மறித்தாள். அப்பா முகம் சுளிக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் போய், மறந்துவிட்டு வந்த சாக்கை எடுத்துவந்தார்.

"எங்கள நம்பலையாண்ணே?" என்று என் பின்னால் வந்து நின்ற மன்றத்துக்காரன் கேட்டான்.

சிவப்பு நூல் தைத்த என் மூட்டையை அவன் காலடிக்கு இழுத்துப் போட்டேன்.

"இத உதறிக் காட்டு. நம்புறேன்."