எறும்பு கடித்த கதை

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிறவருக்கு எறும்பு என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, நோயாளிகள் வைத்தது. யார் கையை நீட்டினாலும், "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்பார். குத்து வாங்கியவர்கள், அது எந்தக் காட்டு எறும்பு என்று முனகிக்கொண்டே போவார்கள். மனிதர் அசர மாட்டார். பேச்சில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அப்பேர்ப்பட்ட வாய் வீட்டில் மட்டும் பூட்டிக்கொண்டது. நாற்பதை நெருங்கும்போதுதான் கல்யாணம். மனைவி பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள், கலகலப்பானவள். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே, "கிட்ட வராதே, தூக்கம் வருது" என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடிவிடுவார். எத்தனை நாள்தான் பொறுப்பாள்? ஒரு சாயங்காலம் கட்டில்மேல் பையை விரித்து, துணிகளை அடுக்கிவிட்டாள்.

"என்னைப் பிடிக்கலன்னா நேரா சொல்லிடுங்க. அம்மா வீட்டுக்குப் போயிடறேன். சும்மா தூக்கம் வருதுன்னு கதை விடாதீங்க."

எறும்பார் பையைப் பார்த்தார். இப்போது வாயைத் திறக்காவிட்டால் இவள் போயே விடுவாள். சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"உன்னப் பிடிக்காம இல்ல. எனக்கு அங்க முன்தோல் ரொம்ப இறுக்கம். பின்னால போக மாட்டேங்குது. ஆசை வந்தாலே உயிர் போற மாதிரி வலிக்குது. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"இதையா இத்தன நாளா முழுங்கிட்டு இருந்தீங்க? ஊருக்கே ஊசி குத்தறீங்க, நீங்க ஒரு டாக்டரைப் பார்க்கக் கூடாதா?"

சொன்னாளே தவிர, 'பிடிக்காம இல்ல' என்றதை அவள் முழுதாக நம்பவில்லை. பை கட்டிலிலிருந்து மூலைக்குப் போனது. துணிகள் அதற்குள்ளேயே இருந்தன.

டாக்டர் பார்த்துவிட்டு, முன்தோலை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். "மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வோம். அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம். கொஞ்ச நாள் வீங்கும், துணி பட்டா கூசும். தையல் தானா கரைஞ்சுடும். ஒன்றரை மாசம் பிரம்மச்சாரியா இருக்கணும். விடியக்காலைல அது தானா எழுந்துக்கும், தையலை இழுக்கும். பயப்படாதீங்க. ஒண்ணுக்குப் போயிட்டு, கொஞ்சம் நடங்க."

அந்த நாளும் வந்தது. மேசையில் படுத்திருந்தவரிடம் டாக்டர் ஊசியைத் தூக்கிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்றார். இவர் போட்ட கூச்சலில் வெளியே பெஞ்சில் இருந்த மனைவி எழுந்து நின்றுவிட்டாள். பிறகு மரத்துப்போனது. டாக்டர் வேலையை முடிக்கும்வரை, இனி ஜென்மத்துக்கும் எறும்பின் பெயரை எடுப்பதில்லை என்று சபதம் செய்தபடி படுத்துக்கிடந்தார்.

வீட்டில் கைலியை முன்பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாத்து நடை நடந்தார். டாக்டர் சொன்ன விடியற்காலை வில்லங்கம் தவறாமல் வந்தது. கவனத்தைத் திருப்பப் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லியபடி கூடத்தைச் சுற்றுவார். எட்டில் தடுமாறினால், "நூத்தி முப்பத்தாறு" என்று படுக்கையறையிலிருந்து குரல் வரும்.

ஒரு நாள் வேலைக்குப் போக விடியுமுன்பே குளித்துவிட்டு, ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தாள். வாய்ப்பாடு பாதியில் நின்றது. எறும்பார் கைலியைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டினார்.

"அம்மா தாயே, கிட்ட வராதே. உன்னப் பார்த்தாலே தையல் பிரிஞ்சுடும் போல இருக்கு."

அதே 'கிட்ட வராதே'தான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. உள்ளே போனாள். மூலையில் இருந்த பையைக் கவிழ்த்து, துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள்.