மனு பாயும் 7.42 ஹாரனும்

சேக்காட்டில் ஹாஜா மொய்தீனை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் தபால்காரர் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் அவர் மனு பாய். தெருவிளக்குக்கு ஒரு மனு, தேங்கிய தண்ணீருக்கு ஒரு மனு, அந்த இரண்டும் என்ன ஆயிற்று என்று விசாரித்து இன்னொரு மனு. ஃபேன் ரிப்பேர் கடையைத் தம்பி மகனிடம் ஒப்படைத்த பிறகு மனுஷருக்கு இதுதான் முழுநேர உத்தியோகம்.

ஆனால் இந்த முறை விஷயம் விளையாட்டல்ல. அவருடைய ஒரே மகள் ரூஹி, ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ். காலையில் வந்து படுத்தால், வீட்டுக்குப் பின்னால் போகிற ரயில்கள் ஹாரன் அடித்தே அவளைத் தூங்கவிடாமல் கொன்றன.

"இன்னும் ஒரு மாசம் பாப்பேன் அத்தா. அப்புறம் அம்பத்தூர்ல ஹாஸ்டல் பாத்துகினு போயிடுவேன்" என்று சொல்லிவிட்டாள். பாய்க்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாளே நோட்டுப் புத்தகமும் கையுமாகக் கிளம்பினார். ஒரு வாரம் ஒவ்வொரு ஹாரனையும் குறித்தார். '7.42: மிக நீளம், ஈவிரக்கமில்லை. 10.15: இரண்டு முறை, வேண்டுமென்றே.' அப்புறம் லைனுக்கு இந்தப் பக்கம் நாற்பது, அந்தப் பக்கம் அறுபது என்று கையெழுத்து வேட்டை. ஸ்டேஷன் இருக்கிற அந்தப் பக்கம் போக நடைமேம்பாலம் இருக்கிறது. இருபது நிமிடச் சுற்று. தண்டவாளத்தின் இரண்டு பக்கச் சுவரிலும் யாரோ எப்போதோ உடைத்த ஓட்டைகளும் இருக்கின்றன, இரண்டே நிமிடம். அந்தத் தெருவில் யாராவது பாலத்தில் ஏறினால் ஊருக்குப் புதுசு என்று அர்த்தம்.

மனுவை அனுப்பிய பிறகும் நோட்டில் குறிப்பதை அவர் விடவில்லை. பத்து நாள் கழித்து ரயில்வே அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. பாய் இஸ்திரி போட்ட சட்டையில் போய் உட்கார்ந்தார். பார்த்தசாரதி என்ற அதிகாரி மரியாதையாக டீ வரவழைத்தார்.

"உங்க மனு கெடச்சதும் ஒரு வாரம் அங்க ஆள் போட்டுப் பாத்தோம் பாய். நீங்க எழுதின நேரமெல்லாம் கரெக்ட். காரணத்தையும் எழுதி வச்சிருக்கோம், படிக்கட்டுமா?"

"படிங்க சார்."

"10.15. கட்டம் போட்ட கைலி, வெள்ளைத் தொப்பி. ஓட்டை வழியா வந்து, தண்டவாளத்து நடுவுல நின்னு, நோட்டுல எதையோ எழுதுறாரு."

பாய் டீயை ஊதினார். அது ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது.

"7.42. நீலப் பை மாட்டின பொண்ணு. தெனமும். காதுல இயர்போன். வண்டி வர்றதைத் திரும்பிக்கூட பாக்குறதில்ல. டிரைவர் கைய எடுக்காம அடிச்சாத்தான் ஒதுங்குது."

நீலப் பையை வாங்கிக் கொடுத்ததே பாய்தான். டீயை அப்படியே மேஜையில் வைத்தார். மகளைக் காப்பாற்றிய டிரைவரையா இத்தனை நாளும் திட்டினோம் என்று நினைத்துக்கொண்டார்.

"செவுத்து ஓட்டைய அடைச்சுடுங்க சார்" என்றார்.

"எழுதிக் குடுங்க, ஒரு மாசத்துல அடைக்கிறோம்."

ஒரு மாதமா? மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாலத்தில் ஏறி இறங்கி, ஸ்டேஷன் பக்கத்து ஓட்டையை அடைத்தாற்போல் உட்கார்ந்துவிட்டார் பாய். முதலில் மாட்டியது பால் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய பக்கத்து வீட்டு எத்திராஜ்.

"இன்னா பாய், வயில குந்திகினு கீற?"

"செவுரு கட்டற வரிக்கும் நாந்தான் செவுரு. சுத்திப் போ நைனா."

எத்திராஜ் திட்டிக்கொண்டே நகர, பின்னாலேயே ரூஹி வந்து நின்றாள். தூக்கத்தில் கண் சொருகியது.

"அத்தா, ஊடு தோ தெரியுது. நவுரு."

"தெரியட்டும். பாலத்துல போ."

"இருபது நிமிசம் அத்தா!"

"மொதல்ல அந்தக் காதுல கீறத எடு. தெனம் அந்த டிரைவரு ஹாரன் அடிக்கிறது ஒனக்குத்தான் ரூஹி. நான் அவனுக்கு எதிரா நூறு கையெழுத்து வாங்கினேன்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். இயர்போனைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பாலத்தை நோக்கி நடந்தாள்.

அவள் படியேறி உச்சிக்குப் போன நேரத்தில் 7.42 வந்தது. சுவர் ஓட்டையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கிழவரைப் பார்த்து மிரண்டுபோன டிரைவர், தெருவே அதிர ஹாரன் அடித்தார். மனு பாய் எழுந்து நின்று அவருக்கு ஒரு சலாம் வைத்தார்.