அத்தை போட்ட கணக்கின் விடை

பிள்ளைகளே, அத்தையின் முதலாண்டு நினைவு நாளுக்கு வரும் சொந்தபந்தங்களும் இதைப் படிப்பார்கள். ஆனாலும் உங்களுக்காகவே எழுதுகிறேன். ஒரு விஷயம் என்னை இன்னும் குழப்பிக்கொண்டே இருக்கிறது.

என் தங்கையான உங்கள் அத்தை, தண்ணீர்மலை அடிவாரத்தில் பிறந்தவர். எங்கள் அப்பா படுக்கையில் விழுந்ததும், மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனார். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, விட்ட கணக்குப் பாடத்தைத் தேர்வு எழுதி முடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

ஆஸ்பத்திரியிலும் தலையணைக்குப் பக்கத்தில் கணக்குப் புத்தகம்தான். தரைக்கு மேலே ஓர் அலகு உயரத்தில் ஒரு படுக்கைக் கோடு, நடுவில் மூன்று அலகு உயரத்தில் ஒரு புள்ளி. இரண்டுக்கும் சம தூரத்தில் உள்ள இடங்களைச் சேர்த்தால் வரும் வளைவுக்குச் சமன்பாடு எழுத வேண்டும். அத்தை x² = 4y − 8 என்று எழுதினார்.

"அண்ணே, கண்ணு மங்குது. பின்பக்கம் விடை இருக்கும், பாருங்க லா."

பார்த்தேன். y = x²/4 + 2 என்று இருந்தது.

"வேற மாதிரி இருக்கே தங்கச்சி. தப்பு போல."

"அப்படியா? மறுபடி போடுறேன்."

நான்கு தடவை போட்டார். நான்கு தடவையும் அதே விடை. அந்த வாரமே போய்விட்டார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'எங்கே தப்பு?' என்று எழுதியிருந்தது.

காரியம் முடிந்ததும் நோட்டை உங்களில் மூத்தவளிடம் காட்டினேன். "அப்பா, ரெண்டும் ஒண்ணுதான். அத்தை x²-ஐத் தனியா வெச்சாங்க, புக்ல y-ஐத் தனியா வெச்சிருக்காங்க, அவ்வளவுதான்" என்றாள். எனக்குப் பிடிபடவில்லை. உருவம் வேறாக இருக்கும்போது ஒன்று என்று எப்படிச் சொல்வது?

மாக் மண்டினில் நான் வேலை செய்யும் பட்டறையில், தரைக்கு ஒரு கோடு போட்டு, அதற்கு மேலே கணக்கில் இருந்த கோட்டையும் புள்ளியையும் சாக்பீஸால் அடிக்கணக்கில் குறித்தேன்.

"என்னண்ணே, கோலப் போட்டியா?" என்று கூட வேலை செய்பவர்கள் சிரித்தார்கள்.

நடுவிலிருந்து நான்கு அடி பக்கவாட்டில், ஆறு அடி மேலே ஓர் இடம். அத்தையின் சமன்பாடும் அதைத்தான் சொன்னது, புத்தகமும் அதைத்தான் சொன்னது. டேப் பிடித்தேன். புள்ளிக்கு ஐந்து அடி. கோட்டுக்கு நேராக ஐந்து அடி. இன்னும் மூன்று இடம் அளந்தேன், எல்லாம் சரியாக வந்தது. ஏன் என்று கேட்டால் இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் பென்சில் சீவிக் கொடுத்த தாதியருக்கும், சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், தோள் கொடுத்த அனைவருக்கும் கைகூப்புகிறேன்.

நோட்டில் அத்தையின் கேள்விக்குக் கீழே, அவருடைய பென்சிலாலேயே எழுதி வைத்திருக்கிறேன்: 'உன் விடை சரிதான் தங்கச்சி. அண்ணன்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன்.'