பத்து நாளுக்கு முன்னால் போட வேண்டிய ஊசி

என் வீட்டுக்காரருக்கு எதையும் அளந்து பார்க்காமல் ஒப்புக்கொள்ளத் தெரியாது. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். காரைக்குடியில் யார் வீட்டுச் சுவர் அடுத்தவர் இடத்துக்குள் எத்தனை அடி வந்திருக்கிறது என்று தெருவில் நடந்தபடியே சொல்லிவிடுவார். பத்து நாள் என்றால் பத்து நாள்தான் என்பதை மட்டும் அந்த மனிதருக்கு என்னால் விளங்கவைக்க முடியவில்லை.

எங்கள் ஒரே மகள் உகாண்டாவில் இருக்கிறாள். மருமகனுக்கு அங்கே ஒரு சர்க்கரை ஆலையில் வேலை. கல்யாணமாகி ஏழு வருடத்தில் இரண்டு முறை தங்காமல் போய், மூன்றாவதாக உண்டாகியிருந்தாள். விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், பிரசவத்துக்கு நாங்கள் அங்கே போவதாக ஏற்பாடு. "வலி வரும்போது நீ பக்கத்துல இருக்கணும்மா" என்று போனில் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

அந்த நாட்டுக்குள் நுழைய, கொசுக்கடியால் வரும் மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். போட்டதற்கு ஒரு மஞ்சள் அட்டை தருவார்கள். நினைத்த ஆஸ்பத்திரியில் அந்த ஊசி கிடையாது. எங்களுக்குப் பக்கம் என்றால் தூத்துக்குடிதான். முன்பதிவு செய்து, அவர்கள் சொல்லும் நாளில் போக வேண்டும். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும்.

எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளத்தூர்ப் பக்கம் முப்பது வருடம் அங்கன்வாடி டீச்சராக இருந்தவள் நான். சொட்டு மருந்து முகாம் அன்றைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கமாக ஓடிய அம்மாக்களைத் துரத்திப் பிடித்திருக்கிறேன். "கண்டதையும் மெடிக்கல்ல கேட்டு வாங்கி ஊத்தாதீங்கடி, டாக்டர்ட்ட காட்டுங்கடி" என்று கத்திக் கத்தியே என் குரலே கட்டையாகிவிட்டது.

ஊசி போடப் போகிறோம் என்று தெரிந்ததும் சொந்தபந்தம் எல்லாம் டாக்டராகிவிட்டது. மஞ்சள் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் ஒன்றுதான், கீழாநெல்லியை அரைத்துக் குடித்தால் போதும் என்றார் எதிர்வீட்டுக்காரர். சின்ன வயதில் அம்மை குத்திய தழும்பு கையில் இருக்கிறதே, இன்னும் எதற்கு ஊசி என்றாள் என் தங்கை. நாத்தனார் மகன் எல்லோரையும் மிஞ்சிவிட்டான்.

"அத்தை, எதுக்கு அம்புட்டுத் தூரம் அலையிறீக? சீல் வச்ச அட்டையே வாங்கித் தந்துருவேன். ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"கொசு வந்து கடிக்கிறப்ப அட்டையக் காட்டவாடா?" என்று கேட்டேன். அதோடு எழுந்து போனவன்தான், இரண்டு வாரம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

இவர்களைக்கூடச் சமாளித்துவிட்டேன். கட்டிய கணவரைத்தான் சமாளிக்க முடியவில்லை. மகளுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று, தைப்பூசத்துக்குப் பழனி வரை நடப்பதாக வேண்டிக்கொண்டு மாலை போட்டிருந்தார். பச்சை வேட்டி, செருப்பில்லாத கால், ஒருவேளைச் சாப்பாடு. அதுவரைக்கும் சரி. எந்தப் புண்ணியவானோ அவருடைய வாட்ஸ்அப்புக்கு ஒரு சேதி அனுப்பிவிட்டான்.

"அந்த ஊசி மருந்த முட்டையிலதான் வளக்குறாகளாம்ல. மாலையப் போட்டுக்கிட்டு அத எப்படி ஏத்திக்கிறது? பழனிக்குப் போயிட்டு வந்து போட்டுக்கிறேன்."

"பூசம் முடிஞ்சு அஞ்சாம் நாளு பிளேனு. பத்து நாளு ஆகணும்னு எத்தன தடவ சொல்றது?"

"நம்ம உடம்புக்கு அஞ்சு நாளே போதும்."

"உங்க உடம்ப அவுக சங்கிலி போட்டு அளக்க மாட்டாக. அட்டையில இருக்குற தேதியத்தான் பாப்பாக."

எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல். மகளுக்காக ஏற்ற விரதத்தைச் சொல்லிக்கொண்டு மகளிடமே போகாமல் நிற்கும் மனிதரை என்ன செய்வது? வீம்புக்கு அவர் பெயரையும் சேர்த்தே பதிவு செய்தேன். அவருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். துணைக்கு மட்டும் வருகிறேன், ஊசி உனக்குத்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். இராமநாதபுரத்தில் பஸ் மாறி, தூத்துக்குடி போய்ச் சேர்ந்தோம்.

அங்கே இருந்த டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். காய்ச்சல் இருக்கிறதா, முட்டை சாப்பிட்டால் உடம்பில் தடிப்பு வருமா, ஆபரேஷன் ஏதும் நடந்திருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். பட்பட்டென்று பதில் சொன்னேன். அங்கன்வாடியில் இதே கேள்விகளைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள் அல்லவா!

"மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"பெருசா ஒண்ணுமில்லம்மா. மூட்டுவலிக்கு மட்டும்" என்று பையில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன்.

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டார். மூன்று. எவ்வளவு நாளாக? எட்டு மாதமாக. யார் எழுதிக் கொடுத்தது?

யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எங்கள் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில், "டீச்சர், இதப் போட்டுப் பாருங்க, சும்மா ஓடுவீக" என்று அந்தக் கடைக்காரர் கொடுத்தது. போட்ட மூன்றாம் நாளே மாடிப்படி ஏறினேன். அதோடு விட்டுவிடாமல் மாதாமாதம் வாங்கிக்கொண்டே இருந்தேன்.

அது ஸ்டீராய்டு மாத்திரை என்று டாக்டர் விளக்கினார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அது அமுக்கி வைத்திருக்கும். மஞ்சள் காய்ச்சல் ஊசியில் இருப்பதோ உயிருள்ள கிருமி. பலத்தைக் குறைத்திருந்தாலும் உயிர் உயிர்தான். இந்த நிலையில் போட்டால் ஊசியே நோயாகிவிடலாம். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. ஒரு டாக்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, முழுசாக நிறுத்தி, அதற்கும் ஒரு மாதம் கழித்துத்தான் ஊசியைப் பற்றி யோசிக்க முடியும். ஊசி போட முடியாது என்று ஒரு விலக்குச் சான்று எழுதித் தரலாம். "ஆனா அந்த ஊர்ல நோய் நிஜமாவே இருக்கும்மா. சான்று வச்சிருந்தா கொசு விட்டுடுமா? நீங்க இப்போ போக வேண்டாம்" என்றார் அந்தப் பெண்.

கொசுக் கதையை நான் நாத்தனார் மகனிடம் சொன்னது போலவே அவர் என்னிடம் சொன்னார். அந்த இடத்திலேயே பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

பக்கத்தில் நின்ற இவர் இப்போது என்ன சொல்லப் போகிறாரோ என்று பார்த்தேன். நாலு வார்த்தை கேட்டிருந்தாலும் நியாயம்தான். அவரோ கழுத்து மாலையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றி, என் மடியில் வைத்தார்.

"யாராவது ஒருத்தர் போகணும்ல. முருகன்ட்ட நான் பேசிக்கிறேன்."

அறுபத்திரண்டு வயது என்பதால் டாக்டர் அவரிடம் இன்னும் துருவித் துருவிக் கேட்டார், பிரஷர் பார்த்தார், பிறகு ஒத்துக்கொண்டார். ஊசி போட்டதும் கூடவே மலேரியா மாத்திரை, கொசுவலை, காய்ச்சி ஆறிய தண்ணீர், மாலையானால் முழுக்கைச் சட்டை என்று டாக்டர் சொல்லச் சொல்ல, இவர் தன் பழைய குறிப்பேட்டில் நம்பர் போட்டு எழுதினார். கொசுவலை எத்தனைக்கு எத்தனை அடி என்றுகூடக் கேட்டார். வேறு நாளாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பேன்.

திரும்பும் பஸ்ஸில் என் வாயிலிருந்துதான் அது வந்தது. "உங்க அக்கா மகன் அட்டை வாங்கித் தர்றேன்னு சொன்னான்ல..."

"நீயா பேசுற?" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாலை என் மடியிலேயே இருந்தது.

மறுநாள் மெடிக்கல்காரரிடம் போய்த் தெருவே கேட்கிற மாதிரி சண்டை போட்டேன். அந்த மனிதர் அசரவே இல்லை. "வலி நின்னுச்சா இல்லையா டீச்சர்?" என்றார். நின்றதுதான். அந்த ஆத்திரம்தான் இன்னும் அடங்கவில்லை. நல்ல டாக்டராகப் பார்த்து மாத்திரையைக் குறைக்க ஆரம்பித்தேன். குறையக் குறைய வலி தன் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

பூசத்துக்கு மற்றவர்கள் பழனிக்கு நடந்துகொண்டிருந்த நாட்களில், இவர் அடுப்படியில் நின்று பூண்டுக் குழம்பு வைக்கப் பழகினார். அதுவரை வெந்நீர்கூட வைக்கத் தெரியாதவர். உப்பு எவ்வளவு என்றால் ஸ்பூனைக் காட்டு என்பார். காட்டினால் தலை தட்டியா, குவித்தா என்பார். பிரசவ லேகியம், பூண்டு, சுக்கு எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி, மேலே என் பழைய பருத்திச் சேலை இரண்டையும் வைத்தேன். பச்சைப் பிள்ளையை அதில்தான் சுற்ற வேண்டும்.

இவர் மட்டும் பிளேன் ஏறிப் போனார். மகளுக்கு வலி கண்ட அன்று அவள் கையைப் பிடிக்க வேண்டிய நான், இங்கே போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அம்மா" என்று அவள் கத்தியதும் கேட்டது. சிக்னல் விட்டு விட்டு வந்தது. பேத்தி பிறந்தாள். இரண்டு பேரும் நல்லபடியாக இருக்கிறார்கள்.

பதினோராம் நாள் வீடியோவில் கூப்பிட்டார்கள். மனுஷர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குளியலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, காலின் மேல் பிள்ளையைக் குப்புறப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அங்குட்டு இல்ல, இங்குட்டுப் பிடிங்க! தலை, தலை! காதுல தண்ணி போகுது பாருங்க! எத்தன தடவ சொல்லிக் குடுத்தேன்!"

"விடும்மா, அப்பா நல்லாத்தான் ஊத்துறாக" என்றாள் மகள்.

நல்லாத்தான் ஊற்றுகிறாராம். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் பார்த்தேன், கூடத்துத் தரையில் சேலையை முழங்கால் வரை ஏற்றிக்கொண்டு, நானும் இரண்டு காலையும் நீட்டிச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தேன். முட்டி இரண்டும் விண் விண் என்று தெறித்தன. ஆனாலும் கொஞ்ச நேரம் காலை மடக்கவில்லை.