டப்பி புகுந்த வளை

சங்கரன்கோவில் ரயில் நிலையத்தில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த உச்சிமாகாளிக்கு நாய் வளர்க்கும் எண்ணம் எப்போதும் இருந்ததில்லை. பாசஞ்சர் வண்டியில் கார்டாக வந்துபோய்க்கொண்டிருந்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். கடைசியாக வந்த அன்று தன் பிரேக்வேன் பெட்டியிலிருந்து ஒரு நாயை இறக்கி இவர் கையில் கொடுத்தார். வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் காப்பிக்கொட்டை நிறம். பூசணிக்காய் கனம்கூட இல்லை.

"ஃபாக்ஸ் டெரியர், மேன். பேரு டஃபி. நரி வளைக்குள்ளயே பூந்து நரியப் பிடிக்கிற சாதி" என்றார். அவர் கண் கலங்கியிருந்ததால் உச்சிமாகாளியால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

டஃபி குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் டப்பியாகிவிட்டது. அதற்கு உட்காரத் தெரியாது. வருகிறவர் போகிறவர் மேலெல்லாம் தாவும். கிளம்புகிற ரயிலோடு சிக்னல் கம்பம் வரை ஓடிவிட்டு, ஜெயித்தமாதிரி திரும்பி வரும். எலியைப் பிடித்து வாசற்படியில் வரிசையாகப் போடும். கொல்லையில் அவர் மனைவி முத்துமாரியம்மாள் நட்ட கத்தரிச் செடியெல்லாம் வேரோடு வெளியே கிடக்கும். நைட் டூட்டி பார்த்துவிட்டுப் பகலில் கண்ணயரும் உச்சிமாகாளியின் நெஞ்சில் ஏறி நின்று குரைக்கும்.

"ஏட்டி, இது நாயா, இல்ல பம்பரமா?" என்று மகளிடம் அலுத்துக்கொள்வார். பூமாரி சிரிப்பாள். டப்பி அவள் சொல்லை மட்டும்தான் கேட்கும்.

அந்தப் பூமாரியை நினைத்துத்தான் அவருக்குக் கவலை. பனவடலிசத்திரத்தில் மானாவாரி நிலம் காய்ந்துபோய், இளவட்டத்திலேயே ரயில்வேக்கு வந்து, தண்டவாளத்து வெயிலில் கறுத்து, வளர்த்த ஒரே மகள். பொண்ணு பார்க்க இரண்டு இடத்துக்காரர்கள் வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள், காப்பி குடித்தார்கள், ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஒரு தாக்கலும் வரவில்லை.

மூன்றாவதாகக் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வருவதாக இருந்தது. மாப்பிள்ளை செல்வமணி கரண்ட் ஆபீஸில் வயர்மேன். அவன் தாய் ஆவுடையம்மாள் புருஷன் போனபின் தனியாக நின்று வயலைப் பார்த்தவள், கறாரான மனுஷி என்று பேர். அன்று காலையிலேயே டப்பியைக் கொல்லையில் முருங்கை மரத்தில் கட்டிப்போட்டார். கயிற்றைக் கடித்து அறுக்க அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஓடைக்கரை. உடும்பு ஒன்றைத் துரத்திக்கொண்டு போன டப்பி, கரையிலிருந்த வளைக்குள் புகுந்துவிட்டது. கொஞ்ச நேரம் மண்ணுக்கு அடியிலிருந்து குரைப்பு கேட்டது. பிறகு முனகல். பிறகு அதுவும் இல்லை.

பட்டுச்சேலையும் தலைநிறைய பிச்சிப்பூவுமாக இருந்த பூமாரி ஓடிப்போய்த் தரையில் குப்புறப் படுத்து, வளைக்குள் கையை விட்டு, "டப்பி! ஏ டப்பி!" என்று அழுதாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஆள் அரவம்.

"வாங்க மைனி, வாங்க" என்று உச்சிமாகாளி அவசரமாகக் கும்பிட்டார். "பொண்ணு... உள்ள இருக்கா."

"கொல்லையில யாரோ அழுற சத்தம் கேக்குதே, அண்ணாச்சி" என்றாள் ஆவுடையம்மாள்.

இன்னொரு பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "எங்க நாய் வளைக்குள்ள மாட்டிக்கிட்டுது மைனி. அதான் பிள்ளை அழுதுக்கிட்டிருக்கா." இதுவும் போச்சு என்று நினைத்துக்கொண்டார்.

ஆவுடையம்மாள் விறுவிறுவென்று கொல்லையைத் தாண்டிக் கரைக்குப் போனாள். மண்ணாகிக் கிடந்த பட்டுச்சேலையைப் பார்த்தாள். கோயிலில் புற்றுமண்ணையே பிரசாதமாகக் கொடுக்கிற ஊர். வளைக்குப் பக்கத்திலும் ஒரு புற்று இருந்தது. அதைக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு மகனிடம் திரும்பினாள்.

"ஏலே, பாத்துக்கிட்டே நிக்க? வேட்டிய மடிச்சுக் கட்டு. புத்துல கை படாம இந்தப் பக்கமா வெட்டு. அண்ணாச்சி, மம்பட்டி எங்க?"

செல்வமணி சலவைச் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டான். அவன் வெட்ட, உச்சிமாகாளி மண்ணை அள்ள, பூமாரி காதைத் தரையில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முத்துமாரியம்மாள் காப்பித் தம்ளர்களோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். வெட்ட வெட்ட உச்சிமாகாளியின் மனசில் கல்யாணம், மாப்பிள்ளை எல்லாம் மறந்துபோனது. அந்தச் சனியன் பிடித்த நாய் உயிரோடு வந்தால் போதும் என்று மட்டும் இருந்தது.

"மெதுவா, இங்கன மூச்சு கேக்குது!" என்றாள் பூமாரி.

செல்வமணி மம்பட்டியைப் போட்டுவிட்டுக் கையாலேயே பறித்தான். வேரிடுக்கில் மாட்டிக்கொண்டிருந்த பின்னங்கால்கள் தெரிந்தன. வேரை ஒடித்து இழுத்தான். மூக்கில் ரத்தக்கீறலோடு மண்ணுருண்டையாக வெளியே வந்த டப்பி, ஒரு நிமிஷம் செத்ததுபோலக் கிடந்தது. தும்மியது. எழுந்து நின்று உடம்பை ஓர் உதறு உதற, அவ்வளவு மண்ணும் ஆவுடையம்மாளின் புதுச்சேலையில்.

ஆவுடையம்மாள் நெற்றியில் ஒட்டிய மண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

"சங்கரன்கோவிலுக்கு வந்துட்டுப் புத்து மண்ணு பூசாமப் போகலாமா?" என்று சொல்லி, அடக்க முடியாமல் சிரித்தாள். பிறகு பூமாரியின் தோளில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு, "பொண்ணப் பாத்தாச்சு அண்ணாச்சி. இனி உள்ள போய் என்னத்தப் பாக்க? தேதியப் பேசுவோம்" என்றாள்.

உச்சிமாகாளி கிணற்றடிக்குப் போனார், கை கழுவுகிற சாக்கில். வாளித் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் கொஞ்ச நேரம் அழுதார்.

தை மாசம் கல்யாணம். பூமாரியோடு டப்பியும் கரிவலம் போய்விட்டது. ஆவுடையம்மாளே கேட்டு வாங்கிக்கொண்டாள், வைக்கோல் படப்பில் பெருச்சாளித் தொல்லையாம். உச்சிமாகாளிக்குப் பகல் தூக்கம் திரும்பக் கிடைத்தது. முத்துமாரியம்மாளின் கத்தரி பூப்பிடித்தது.

பங்குனியில் மகளைப் பார்க்கப் போனார். சம்பந்தியம்மா அவரை உட்காரவைத்து, டப்பியைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தாள். வாத்தை விரட்டுது, உரமூட்டையைக் கிழிக்குது, பஸ்ஸைப் பார்த்தால் பின்னாலேயே ஓடுது. பேச்சு சோறு போடும் வரை நீண்டது. அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். மகளைப் பற்றி எப்போது ஆரம்பிப்பாளோ என்று உள்ளுக்குள் ஒரு பயம். சாப்பிட்டு எழுந்து கை கழுவியும் பூமாரியைப் பற்றி ஒரு குறை வரவில்லை. அடுப்படியில் பூமாரி மாமியார் சொல்வதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சரி மைனி, அப்ப வாரேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நடந்தார்.